செய்தி மெய், கணக்குப் பொய்!

 

ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால் அதனைத் தீர விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும்; அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாகிவிடக் கூடாது. திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் ஆறாவது வசனத்தில் இக்கட்டளையை நமக்கு இடுகின்றது. மதரஸாவில் இவ்வசனத்தைப் பாடமாக நடத்தும்போதெல்லாம், பொய்ச் செய்தியை நம்பாதீர்கள் என்பதே இதன் சாரம் என்று மாணவர்கள் உடனே கூறிவிடுகின்றனர். அது சரியான விடைதான். ஆனால் அதற்கு அப்பாலும் ஒரு படி இருக்கின்றது. ஒரு செய்தி முற்றிலும் மெய்யாகவே இருந்து, அதை வைத்து நாம் போடும் கணக்கு மட்டும் பொய்யாகிப் போனால் என்ன செய்வது? விசாரித்து அறிதல் என்னும் கட்டளை அங்கே முடிந்துவிடுகின்றதா, தொடர்கின்றதா? இவ்வினாவைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்க விழைகின்றேன். இதற்கு நம் ஊர்களிலேயே சான்று உண்டு.

நான் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். பணிபுரியும் மதரஸா இராஜபாளையத்தில். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்று ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலை இராஜகோபுரத்தாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. மற்றொன்று நூற்பாலைகளாலும், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா அவர்களாலும் பெயர் பெற்றது. காலைப் பேருந்தில் ஆலைத் தொழிலாளரும், பூக்கட்டும் பெண்களும், நெற்றியில் நாமம் தரித்த பெரியவர்களும், தொப்பி அணிந்த நாமும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டுதான் பயணம் செய்கின்றோம்.

2018ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், ‘தினமணி’ நாளிதழ் இராஜபாளையத்தில் ஏற்பாடு செய்திருந்த நிகழ்ச்சியில் கவிஞர் வைரமுத்து அவர்கள் ‘தமிழை ஆண்டாள்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். மார்கழி மாதம், திருப்பாவை ஒலிக்கும் காலம். அந்நீண்ட உரை மறுநாள் நாளிதழிலும் வெளியாயிற்று. அவ்வுரையில், ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஆண்டாளைப் பற்றி எடுத்தாளப்பட்ட ஒரு கூற்று வைணவப் பெருமக்களின் மனத்தைப் புண்படுத்தியது. அடுத்து வந்த நாட்களில் நிகழ்ந்தவற்றை நாடே அறியும். அரசியல் தலைவர்கள் கடுமொழி பேசினர். ஆதரவாகவும் எதிராகவும் அணிகள் திரண்டன. காவல்துறை வழக்குப் பதிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். நாளிதழின் ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து ஆண்டாள் சந்நிதியில் வருத்தம் தெரிவித்தார். இவ்வூர் ஜீயர் அவர்கள் ஜனவரியில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் உண்ணாவிரதம் மேற்கொண்டார். எங்களுக்கும் கல்லெறியவும் சோடாபுட்டி வீசவும் தெரியும் என்னும் பொருள்பட அவர் பேசியது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. பின்னர் அதற்கு அவரே வருத்தமும் தெரிவித்தார்.

அந்நாட்களில் சென்னையிலிருந்தும் வளைகுடா நாட்டிலிருந்தும் உறவினர்கள் எனக்குத் தொலைபேசியில் பேசினர். “ஊரில் கடைகள் திறந்திருக்கின்றனவா? பிள்ளைகள் வெளியே போகின்றார்களா? நம்மவர்களுக்கு ஆபத்து ஏதும் இல்லையே?” என்று பதறினர். அவர்கள் பார்த்த காட்சிகளில் எதுவும் பொய்யன்று. உண்ணாவிரதம் மெய், முழக்கம் மெய், சோடாபுட்டிப் பேச்சும் மெய். ஆனால் அவற்றைக் கொண்டு அவர்கள் மனத்தில் வரைந்துகொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மட்டும் பொய். ஒளிப்பதிவுக் கருவிகள் கூடிநின்ற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பால் காய்ந்துகொண்டிருந்தது. பேருந்துகள் வழக்கம்போல் நிரம்பி வழிந்தன.

மக்களுக்கு மனவருத்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என்னுடன் பேருந்தில் வரும் வைணவப் பெரியவர் ஒருவர், “அந்த ஒரு வரியைக் கவிஞர் சொல்லாமல் இருந்திருக்கலாம், பாய். தாயாரைச் சொன்னது போல் மனசு வலிக்கிறது. ஆனால் சோடாபுட்டி என்றெல்லாம் மடத்திலிருந்து பேச்சு வரலாமா? அதுவும் வலிக்கிறது” என்றார். இராஜபாளையத்தில் பகுத்தறிவுக் கொள்கையில் பிடிப்புள்ள ஆலைத் தொழிலாளி ஒருவர், “பேசும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனாலும் கும்பிடுகிறவர்கள் மனசையும் பார்க்க வேண்டும் அல்லவா?” என்றார். தொலைக்காட்சியின் கணக்குப்படி இவ்விருவரும் எதிரெதிர் அணியினர். ஆனால் நான் கேட்ட வரையில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் ஒரு சாண்தான். அவ்விருவரிடமும் எந்த ஒலிவாங்கியும் நீட்டப்படவில்லை.

ஏன் நீட்டப்படவில்லை? இதில் யாருடைய சதியையும் தேட வேண்டியதில்லை. அத்தொழிலின் இயல்பே அதுதான். இரவு நேர விவாதத்திற்கு நான்கு நாற்காலிகள் போடப்படுகின்றன. ‘இதுவும் சரி, அதுவும் ஓரளவு சரி’ என்று பேசுபவரை அமர்த்தினால் விவாதம் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். ஆகவே இரு முனையிலிருந்தும் மிக உரத்த குரலுடையோரே அழைக்கப்படுகின்றனர். நிகழ்ச்சி முடிகையில் பார்வையாளரின் உள்ளத்தில் பதிவது என்ன? பாதி நாடு இவரைப்போல், மறுபாதி அவரைப்போல் என்னும் கணக்கு. நூற்றில் ஐவரின் குரல் ஐம்பதின்மரின் குரலாக ஒலிக்கின்றது. எஞ்சிய தொண்ணூறு பேர் வீட்டில் அமர்ந்து, ‘நம்மைப்போல் நினைப்பவர் யாருமே இல்லை போலும்’ என்று வாய்மூடிக் கொள்கின்றனர். கைப்பேசியும் வாட்ஸ்அப்பும் வந்த பின்னரோ, அந்நாற்காலிகள் நம் படுக்கையறை வரை வந்துவிட்டன.

அமெரிக்க நாட்டில் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். மேத்யூ லெவன்டஸ்கி, நீல் மல்ஹோத்ரா என்னும் இரு பேராசிரியர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. மக்கள் இரு கூறாகப் பிளந்து நிற்கின்றனர் என்று கூறும் செய்தியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தனர். படித்தவர்கள், நாடு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகப் பிளவுண்டிருப்பதாக நம்பினர். வியப்பு யாதெனில், அவர்களுடைய சொந்தக் கருத்து கடுமையாகவில்லை. சச்சரவைக் கண்டு சலித்துச் சற்று நடுநிலைக்கே நகர்ந்தது. ஆனால் எதிர்க்கட்சியினர் மீதான வெறுப்பு மட்டும் கூடியிருந்தது! ‘மோர் இன் காமன்’ என்னும் அமைப்பு 2019இல் அதே நாட்டில் நடத்திய ஆய்வும் இத்தகையதே. எதிர்க்கட்சியினரில் நூற்றுக்கு 55 பேர் தீவிரக் கருத்துடையோர் என்று இரு கட்சியினரும் எண்ணினர்; உண்மையில் இருந்தவர்களோ ஏறக்குறைய 30 பேர்தாம். அதிகமாகச் செய்தி பார்ப்பவர்களுடைய கணக்கே அதிகமாகப் பிழைத்திருந்தது என்பதும் அதில் தெரியவந்தது.

இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். சச்சரவுச் செய்தி நம் கொள்கையை மாற்றுவதைவிட, மற்றவரைப் பற்றிய நம் மதிப்பீட்டையே மிகுதியாக மாற்றுகின்றது. ‘அவர்கள் நம்மை வெறுக்கின்றனர்’ என்னும் எண்ணம் முதலில் வருகின்றது. அது தவறான கணக்காகவே இருக்கலாம். ஆனால் அதை நம்பி நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, எதிரில் நிற்பவர் அத்திரும்பிய முகத்தைத்தானே காண்கின்றார்? அவரும் திருப்பிக்கொள்கின்றார். நேற்று வரை பொய்யாக இருந்த கணக்கு இன்று மெய்யாகிவிடுகின்றது. தோன்றிய பிளவு உண்மைப் பிளவாக மாறும் வழி இதுதான்.

அதே ஆண்டாள் கோயிலில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இன்னொரு நிகழ்வு. இசைஞானி இளையராஜா அவர்கள் வழிபட வந்தபோது, ஜீயர்களுடன் அர்த்த மண்டப வாயிலைக் கடக்க, அங்கே நிறுத்தப்பட்டு வெளியே நின்று வழிபட்டார். சில மணி நேரத்திற்குள் தமிழகம் முழுவதும் இரண்டாகப் பிரிந்து வழக்காடத் தொடங்கிற்று. அம்மண்டபத்துள் அர்ச்சகர், ஜீயர் போன்றோர் தவிர வேறு எவரும் செல்லும் வழக்கமில்லை என்று கோயில் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. நடக்காததை நடந்ததாகப் பரப்ப வேண்டாம் என்று இளையராஜா அவர்களே அறிக்கை விட்டார். கருவறைக்கு அருகே யார் செல்லலாம் என்பது அமைதியாகப் பேசத்தக்க பெரிய வினாதான். ஆனால் அன்று அவ்வினா பேசப்படவில்லை. யார் எந்த அணி என்பதே பேசப்பட்டது.

இதுவரை சொன்னவை அயலாரின் வழக்குகள். நாம் திண்ணையில் அமர்ந்து பார்த்தோம். 2020ஆம் ஆண்டு அதே ஒளிப்பதிவுக் கருவி நம் பக்கம் திரும்பியது.

அவ்வாண்டு மார்ச் மாதம் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றிருந்தனர். அவர்களுள் பலருக்கு நோய்த்தொற்று இருந்தது மெய். அதனைக் கண்டறிந்து கூறுவது மருத்துவத் துறையின் கடமை. ஆயினும் நாள்தோறும் அவ்வெண்ணிக்கை தனியே பிரித்துக் காட்டப்பட்டபோது, நோய்க்கே ஒரு மதம் இருப்பது போன்ற தோற்றம் எழுந்தது. ‘கொரோனா ஜிஹாத்’ என்னும் சொல்லைச் சிலர் உருவாக்கிப் பரப்பினர். மெய்யான ஓர் எண்ணிலிருந்து ஒரு சமுதாயத்தைப் பற்றிய பொய்யான கணக்குப் பிறந்தது.

பின்னர் நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்ட் 21ஆம் நாள் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தையும், ஊடகங்களின் பரப்புரை குறித்த கண்டனத்தையும் பதிவு செய்தது. ஐந்தாண்டுகள் கழிந்து, 2025 ஜூலையில், தில்லி உயர் நீதிமன்றம் இந்தியர் 70 பேர் மீதிருந்த வழக்குகளையும் ரத்து செய்தது. குற்றச்சாட்டை இரவெல்லாம் கேட்ட எத்தனை இல்லங்களுக்கு இத்தீர்ப்புகள் போய்ச் சேர்ந்தன? சண்டை முதல் பக்கத்தில் வரும். சமாதானம் உட்பக்கத்தின் மூலையில் வரும்.

ஊரடங்கு தளர்ந்து மதரஸா மீண்டும் தொடங்கிய நாட்களில், பத்து வயது மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஹஜ்ரத், அவங்க எல்லாருக்கும் நம்ம மேல கோபமா?” ‘யார் அப்பா அந்த எல்லாரும்?’ என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வீட்டு அக்காவா என்றேன்; இல்லை என்றான். பள்ளிக்கூட வாத்தியாரா என்றேன், இல்லை. அத்தாவோடு வேலை பார்ப்பவர்களா என்றேன். அவர்கள்தாம் ஊரடங்கில் அரிசி கொண்டுவந்து தந்தார்கள் என்றான். அவன் அறிந்த முகங்களில் ஒன்றில்கூடக் கோபம் இல்லை. ஆனால் ‘எல்லாரும்’ கோபமாக இருந்தனர். அந்த ‘எல்லாரும்’ எங்கிருந்து வந்தனர்? நம் வீட்டுக் கூடத்தில் ஓடிய பெட்டியிலிருந்தும், நாம் அவன் காதுபடப் பேசிய பேச்சிலிருந்தும் அல்லவா?

ஆம், இங்கே நம் பங்கையும் பேசியாக வேண்டும். எங்கோ ஒரு மாநிலத்தில் காய்கறி விற்கும் முஸ்லிம் ஒருவரை விரட்டும் காணொளி வருகின்றது. அது மெய்யாகவும் இருக்கலாம். நெஞ்சு கொதிப்பதும் நியாயமே. ஆனால் அதே நாளில் நம் தெருவில் நம்மிடமே காய்கறி வாங்கிச் சென்ற நூறு பேரை எவரும் காணொளி எடுப்பதில்லை. நாமோ விரட்டிய ஒருவனைக் கணக்கில் சேர்த்து, வாங்கிய நூறு பேரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றோம். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு அண்டை வீட்டாருக்குப் பிரியாணி அனுப்பவில்லை. ‘வாங்க மாட்டார்கள், நமக்குத்தான் அவமானம்’ என்று எண்ணினர். அண்டை வீட்டாரோ, ‘இவ்வாண்டு நம்மை மறந்துவிட்டார்கள், நம்மையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள் போலும்’ என்று எண்ணினர். இரு வீட்டிலும் வெறுப்பு இல்லை. மற்றவர் வெறுக்கின்றார் என்னும் நினைப்பு மட்டுமே இருந்தது. மறு ஆண்டு அவ்வீட்டு மூதாட்டி பாத்திரத்தைத் தாமே தூக்கிச் சென்றபோதுதான் இது வெளிப்பட்டது.

மதீனத்து வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலத்தார் நீண்ட காலம் பகைத்துப் போரிட்டவர்கள். இஸ்லாம் அவர்களைச் சகோதரர்களாக்கியது. அவர்கள் ஒன்றாக அமர்ந்து அளவளாவுவதைப் பொறுக்காத ஒருவர், புஆத் போர்க்களத்தில் இரு தரப்பாரும் பாடிய பழைய கவிதைகளை அவர்களிடையே நினைவூட்டச் செய்தார் என்று திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். அப்போர் நடந்தது பொய்யன்று, அக்கவிதைகளும் பொய்யன்று. ஆனால் சில நொடிகளில் இருவர் எழுந்தனர். பிறகு இரு குலமும் எழுந்து, ஆயுதம் எடுக்கக் குரல் கொடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரைந்து வந்து அறிவுரை கூறியதும் அவர்கள் தெளிவு பெற்று, கண்ணீர் மல்க ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். மெய்ச் செய்தியும் தீமூட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

“அப்படியானால் மோதல்களைப் பற்றிய செய்தியே வேண்டாம் என்கின்றீர்களா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 1997ஆம் ஆண்டு, போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டது. நம் வட்டாரத்திலும் இரத்தம் சிந்தியது. அவ்வாண்டு ஜூலையில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. அன்று நான் மாணவன். அப்பிளவு தொலைக்காட்சியில் தோன்றிய பிளவன்று, நிலத்திலும் கூலியிலும் தேநீர்க் குவளையிலும் பல தலைமுறையாக இருந்த பிளவு. அதனை மூடி மறைத்திருந்தால் அடிபட்டவருக்கே அநீதி ஆகியிருக்கும். அநீதி நடந்தால் செய்தி வரத்தான் வேண்டும். நம் சமுதாயத்திற்கு இழைக்கப்படும் அநீதியும் உரக்கச் சொல்லப்படத்தான் வேண்டும். ஆனால் ‘இன்னார் இன்ன தீங்கு செய்தார்’ என்பது செய்தி. ‘அவர்கள் எல்லாருமே இப்படித்தான்’ என்பது நம் கணக்கு. முன்னதற்குச் சாட்சி உண்டு, பின்னதற்கு இல்லை.

‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 83ஆம் வசனம், அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தவுடன் அதனைப் பரப்பிவிடுவோரைக் கண்டிக்கின்றது. அதனை ஆராய்ந்தறியும் திறனுடையோரிடம் கொண்டு செல்லுமாறு கூறுகின்றது. அச்சம் தரும் செய்தி பொய்யாக இருந்தால் மட்டுமே இவ்விதி என்று அங்கே கூறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, இல்லத்தரசிகளே, பெற்றோர்களே! உங்கள் வீட்டில் சச்சரவுச் செய்தி ஒன்று வந்து விழும்போது, அது மெய்யா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இதில் ஈடுபட்டவர் எத்தனை பேர், அவ்வூரில் வாழ்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பேசியவர்களைத் தவிரப் பேசாதவர்கள் என்ன நினைக்கின்றனர் என்று கேளுங்கள். நான் நேரில் அறிந்த முகங்கள் இக்கணக்குக்குப் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கும்போது ‘அவர்கள்’ என்று பொதுவாகப் பேசாமல், தவறு செய்தவரைச் சுட்டிப் பேசுங்கள். அனைத்திற்கும் மேலாக, ஐயம் எழுந்தால் அண்டை வீட்டாரிடமே சென்று பேசுங்கள். அவர் மனத்தை அறியத் தில்லியிலும் சென்னையிலும் இருக்கும் விவாத மேடை எதற்கு? இடையில் இருப்பது ஒரு சுவர்தானே! சந்தேகங்களில் சில பாவமாகும் என்று அதே ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் எச்சரிப்பதையும் மறவாதீர்கள்.

அவ்வாறு சென்று பேசும்போது சில வேளைகளில் கசப்பான சொல்லும் கேட்க நேரலாம். கேட்டாலும் அது ஒருவரின் சொல். அவருக்கு மட்டுமே உரியது. அவருடைய கணக்கை அவரிடமும், எஞ்சியோரின் கணக்கை எல்லாக் கணக்கையும் துல்லியமாக அறிந்த இறைவனிடமும் விட்டுவிடுவோம். பிறரை எண்ணுவதிலும் எடைபோடுவதிலும் நீதி தவறாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.